‘எத்தனை குழந்தைகள்?’ என்று ஆணிடம் கேட்கும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இதய நோய், சர்க்கரை நோய், புற்றுநோய் என்று எந்த ஆய்வின் படிவத்தை எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே கதைதான். பெண்ணிடம் பூப்பெய்திய வயது, பிரசவம், கருச்சிதைவு, மாதவிடாய் நின்ற வயது எல்லாம் கேட்கிறார்கள். ஆணிடம் ‘மணமானவரா?’ என்பதோடு சரி. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் பேட்டி காணப்பட்ட பெண்கள் 7,24,115 பேர், ஆண்கள் 1,01,839 பேர். அந்த ஆய்வாவது ஆண்களிடம் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கிறது. நோய்களைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் அதுவும் இல்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் லாத்ரோப் பூச்சிமருந்து ஆலை சாட்சி. மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்து அங்கே கையாளப்பட்டது. எலிகளுக்கு அதனால் விரை சுருங்குவது 1961-லேயே ஆய்விதழில் வெளிவந்திருந்தது. ஆனால் 1977-ல், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லையே என்று தொழிலாளர்களே பேசிக்கொண்ட பிறகுதான் விந்துப் பரிசோதனை நடந்தது. பலருக்கு விந்தணுக்கள் மிகக் குறைவாக இருந்தன, சிலருக்கு அறவே இல்லை.

கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. ஐம்பது வயதுக்காரரிடம் ‘குழந்தைகள் எத்தனை?’ என்றால், ‘குழந்தை ஏதுங்க, எல்லாம் பெரியவங்க ஆயிட்டாங்க’ என்பார். மொத்த எண்ணைக் கேட்காமல் ஆறு கேள்விகளாகப் பிரிக்க வேண்டும்: உங்களோடு இருக்கும் மகன்கள், மகள்கள்; வெளியில் இருக்கும் மகன்கள், மகள்கள்; பிறந்து இறந்த மகன்கள், மகள்கள். பிறந்து ஓரிரு நாளில் இறந்த பிள்ளையும், முதல் மனைவியோடு போய்விட்ட பிள்ளையும் இப்படிக் கேட்டால்தான் கணக்கில் வருவார்கள். எல்லோருக்கும் தாய் ஒருவர்தானா என்பதையும் கேட்டாக வேண்டும். மனைவி சொன்ன எண்ணையே கணவனுக்கும் எழுதிவிடும் பழக்கம் இங்கேதான் தவறுகிறது.

அடுத்தது, கரு உண்டாக எத்தனை மாதம் ஆனது என்ற கேள்வி. கருத்தடை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்த மாதங்களை மட்டும் எண்ண வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருபவருக்கு ‘நாலு வருஷம் ஆச்சு’ என்று எழுதினால், இல்லாத குறையை நாமே உண்டாக்கிவிடுகிறோம். ஆண்டு நினைவில்லை என்பவரிடம் சுனாமிக்கு முன்னா பின்னா, கஜா புயலுக்கு எத்தனை மாதம் கழித்து, எந்தப் பொங்கலுக்குப் பக்கத்தில் என்று பிடித்துக்கொண்டு போகலாம்.

தொழிலைக் கேட்கும்போது ‘இப்போது என்ன வேலை?’ என்பது பயன்படாது. விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. எனவே கரு உண்டாவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் என்ன வேலை, என்ன மருந்து தெளித்தார், எவ்வளவு சூட்டில் நின்றார் என்பதே வேண்டும். இன்று காவலாளியாக இருப்பவர் அன்று வார்ப்பட ஆலையில் உலை முன் நின்றிருக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவரிடம் தேதியும் வாங்க வேண்டும். அறுவைக்குப் பிறகும் சில மாதங்கள் அணுக்கள் எஞ்சியிருக்கும் என்பதால், ‘ஆம்/இல்லை’ என்ற பதில் மட்டும் போதாது.

நோய் வரலாற்றில் ஆண்களுக்கென்று கேட்க வேண்டியவை தனி: வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியதா, சிறுவயதில் விரை இறங்காமல் இருந்ததா, குடலிறக்கத்துக்கு அறுவை நடந்ததா, ஜிம்மில் தசை வளர டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டாரா. கடைசிக் கேள்விக்கு இளைஞர்கள் கூச்சமில்லாமல் பதில் சொல்வார்கள். அந்த ஊசி விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடும், நிறுத்தியும் விடலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஒரு சொல்லை மட்டும் படிவத்தில் சேர்க்கவே கூடாது: ‘ஆண்மைக் குறைவு’. லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்கள் விந்தணுக் குறைவையும் தாம்பத்திய இயலாமையையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கின்றன. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே பேச்சு நின்றுவிடும். ஆண் ஆய்வாளர், வீட்டார் காதில் விழாத இடம், வேலையைப் பற்றிய கேள்விகளுக்குப் பிறகு இந்தப் பகுதி என்ற வரிசை, இவை இருந்தால் போதும், பெரும்பாலோர் பேசுவார்கள். கருச்சிதைவு விவரத்தை மட்டும் மனைவியிடமும் தனியாகக் கேட்பது நல்லது. சில வாரங்களிலேயே கலைந்த கரு கணவனுக்குத் தெரியாமலே போயிருக்கும். இருவர் பதிலும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே பதிய வேண்டும், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லிச் சரிபார்க்கவே கூடாது.

குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. இருந்தும் மருத்துவமனை வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்பவள் மனைவிதான். தமிழக மருத்துவக் கல்லூரிகளின் நெறிமுறைக் குழுக்கள் ஆய்வுத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும்போது, ஆணின் படிவத்தில் இந்தப் பக்கம் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். இல்லாததற்குக் காரணம் இருந்தால் அதை எழுத்தில் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரக் கள ஆய்வுப் பயிற்றுநர்கள், மதுரை