கரும்பு டிராக்டர்: ஆலை வாசலிலேயே கொக்கியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டச் சாலைகளில் ராத்திரி பகல் என்று பார்க்காமல் கரும்பு டிராக்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். டிரெய்லர் கழன்று விபத்து நடந்தால் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் வேகமாக ஓட்டியிருக்கலாம், தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கலாம், ஆனால் கொக்கி ஏன் விட்டது என்று யாரும் கேட்பதில்லை.

கொக்கி என்பது டிராக்டரும் டிரெய்லரும் மாட்டுகிற இடம், அங்கே இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மேலிருந்து செருகுகிற ஒரு இரும்புப் பின்தான். அதன் அடிமுனையில் ஒரு துளை இருக்கும், அதில் கிளிப் மாட்டினால்தான் பின் மேலே எழும்பாது. கிளிப் தொலைந்துவிட்டால் கிடைத்த கட்டுக்கம்பியை முறுக்கி விடுகிறார்கள், பல வண்டியில் அதுவும் இல்லை. அந்த இரும்புப் பின்னே தொலைந்துவிட்டால் அதற்குப் பதில் பழைய போல்ட் ஒன்று. துளை பெரியது, போல்ட் சிறியது, ஆட ஆட துளை இன்னும் தேய்ந்து நீண்டுகொண்டே போகும். இழுத்துக்கொண்டு போகும்வரை எந்த வம்பும் தெரியாது, ஏனென்றால் அந்த இழுப்பே பின்னை இறுக்கிப் பிடித்திருக்கும். வேகத்தடையிலோ பாலத்து இறக்கத்திலோ பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருக்கும் பாரம் முன்னே தள்ளும், இழுப்பு தளரும், அந்த நேரத்தில் ஒரு குலுக்கல் வந்தால் போதும், பின் துள்ளி வெளியே விழுந்துவிடும். அப்புறம் பிரேக் இல்லாத டிரெய்லரை யார் நிறுத்துவது?

இரண்டு சக்கர டிரெய்லரில் கரும்பை வால்பக்கம் நீட்டி ஏற்றினால் இன்னும் மோசம். பின்பாரம் முன்முனையைத் தூக்கும், கொக்கியில் எப்போதும் மேல்நோக்கி ஓர் உந்தல் இருந்துகொண்டே இருக்கும். இரண்டு டிரெய்லரைக் கோத்து இழுப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல, இரண்டாவது கழன்றால் எஞ்சின் சத்தத்தில் ஓட்டுநருக்குக் கேட்கவே கேட்காது.

இதற்கு மருந்து பெரிய விஷயமில்லை. சரியான தடிமனில் பின், அடியில் கிளிப், கூடவே இரண்டு சங்கிலி. டிரெய்லரின் முன்னால் நீண்டு டிராக்டரோடு மாட்டுகிற இழுவைக் கம்பிக்குக் கீழே சங்கிலிகளைக் குறுக்காகப் போட வேண்டும், அப்போதுதான் பின் கழன்று போனாலும் கம்பி தார்ச்சாலையில் குத்தாமல் சங்கிலிமேல் தொங்கும். வளைவில் திரும்புகிற அளவுக்குத் தளர்வு வேண்டும், தரையில் உரசக் கூடாது. இன்னொன்று, இழுவைக் கம்பிமேல் ஆள் உட்கார்ந்து போவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆவது பிரிவுப்படி, இழுக்கும் வண்டியின் பதிவு எண் கடைசி டிரெய்லரில் தெரிய வேண்டும். நம் சாலையில் எண் எங்கே, பின்விளக்கையே தொங்குகிற கரும்புச் சோகை மூடிவிடுகிறது. நடுரோட்டில் நிறுத்திச் சோதிக்கலாம்தான், ஆனால் அபராதம் கட்டிவிட்டு அதே போல்ட்டோடு கிளம்பிவிடுவார்கள்.

ஆகவே என் யோசனை இது. எந்த வண்டியாக இருந்தாலும் ஆலையின் எடைமேடையில் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே ஓர் ஆள் குனிந்து பின், கிளிப், சங்கிலி, பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் இவற்றைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. இவை இல்லாத வண்டியின் அன்றைய லோடை இறக்கிக்கொள்ளட்டும், சரிசெய்யும்வரை அடுத்த லோடுக்கு அனுமதி கொடுக்க வேண்டாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பருவம் தொடங்கும் முன் ஆலை யார்டிலேயே ஒரு நாள் முகாம் போட்டால் வேலை இன்னும் சுலபம்.

சங்கிலிக்குச் செலவு யார் செய்வது என்று கேட்பார்கள். விதைக்கரும்புக்கும் உரத்துக்கும் கொடுக்கிற முன்பணத்தைக் கரும்புப் பணத்தில் பிடித்துக்கொள்கிற ஆலைகள், சங்கிலியையும் வாங்கிக் கொடுத்து வண்டிக்காரரின் வாடகையில் அப்படியே பிடித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தினமும் இந்தச் சாலையில் பைக்கில் போகும் ஒரு வாசகன்,
விழுப்புரம் மாவட்டம்