ஹெக்ஸேன் சாதுவா, மீனா?

காரைக்குடி

அன்பு மீனாவுக்கு அப்பச்சி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். ஆத்தா மணகோலமும் சீப்புச்சீடையும் பார்சல் போட்டிருக்கிறாள். வந்ததும் அவளுக்கே போன் போட்டுச் சொல்லிவிடு. என்னிடம் சொன்னால் கணக்கில் சேராது.

குஜராத் கண்ட்லாவில், பிண்ணாக்கிலிருந்து மிச்ச எண்ணெயை ஹெக்ஸேன் என்ற பெட்ரோலியத் திரவத்தால் கரைத்தெடுக்கும் ஆலையில் நீ சேர்ந்த விவரம் படித்தேன். "ஹெக்ஸேன் சாது அப்பச்சி, அமிலம், காரம் எதற்கும் அசையாது" என்று எழுதியிருக்கிறாய். வாஸ்தவம்தான். கல்லூரி லேபில் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவேனே! ஒரு குழாயில் செக்குக் கடலெண்ணெய், இன்னொன்றில் ஹெக்ஸேன். இரண்டிலும் ஆரஞ்சு நிறப் புரோமின் நீர் விட்டுக் குலுக்கினால், எண்ணெய் புரோமினோடு சேர்ந்துகொள்வதால் நிறம் போய்விடும். ஹெக்ஸேனிலோ, புரோமின் வெறுமனே கரைவதால், கீழே தண்ணீர் வெளுத்து, நிறமெல்லாம் மேலடுக்கில் ஏறி ஆரஞ்சாக நிற்கும். வெயிலில் வைத்தால் அதுவும் மெல்ல மங்கும்.

ஆனால் அந்தச் சாதுத்தனம் நெருப்பிடம் செல்லாது. மைனஸ் 22 டிகிரியிலேயே பற்றுகிற அளவுக்கு ஆவி விடும் சரக்கு அது. கண்ட்லா வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே போதும். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். நம் வளவில் மழைத்தண்ணீர் தாழ்ந்த மூலையைத் தேடுகிற மாதிரி, தரையோடு தவழ்ந்து சாக்கடைக்கும் கேபிள் பள்ளத்துக்கும் போய்த் தங்கிவிடும். ஆலையில் பள்ளங்கள் எங்கெங்கே என்று முதலில் பார்த்துவை. மின்சாரம் கடத்தாத திரவம் என்பதால் குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும். டேங்கருக்கு எர்த் ஒயர் மாட்டாமல் வால்வைத் திறக்க விடாதே. நைலான் துணி வேண்டாம், பருத்தியே உடுத்து.

செக்கு எண்ணெய்தான் எண்ணெய் என்று உன் அம்மான் இன்னும் சண்டை போடுகிறார். எக்ஸ்பெல்லர் என்ற பிழியும் இயந்திரத்தில் ஆட்டிய பிண்ணாக்கிலேயே ஆறேழு சதவீதம் எண்ணெய் தங்கிவிடுகிறதே. ஹெக்ஸேனில் கழுவினால் ஒன்றுக்கும் கீழே போகும். கொதிநிலை 69 டிகிரிதான். அதே எடைத் தண்ணீரை ஆவியாக்க ஆகும் வெப்பத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு போதும், பிரிந்து திரும்பவும் தொட்டிக்கே வந்துவிடும். ஆலைக்காரர்கள் இதை விடுவார்களா?

இன்னொன்று, இதைக் கவனமாகப் படி. ஆறு கார்பன், 14 ஹைட்ரஜன் என்ற ஒரே கணக்கில், அணுக்கள் கோத்த விதம் மட்டும் மாறிய ஐந்து ஐசோமர்கள் உண்டு. அதிகம் கிளைத்தது 50 டிகிரியிலேயே கொதிக்கும். ஆலைக்கு வரும் ஹெக்ஸேன் பெரும்பாலும் கலவை. அதில் நேர்ச்சங்கிலி ஹெக்ஸேன்தான் நரம்புக்கு எமன். உடம்புக்குள் 2,5-ஹெக்ஸேன்டையோன் என்ற நச்சாக மாறி, விரல் நுனியிலிருந்து மரத்துக்கொண்டே வரும். 1960களில் ஜப்பானில் செருப்புக்குப் பசை ஒட்டியவர்கள் பலர் இப்படித்தான் நடக்க முடியாமல் போனார்கள்.

பெட்ரோல் வாடை கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும், அதை நம்பாதே. ஆவி அளக்கும் மீட்டரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்டு எழுது. கையுறை என்ன ரப்பர் என்பதையும் சேர்த்து எழுது.

அப்பச்சி