மாரா ஆற்றங்கரைக்குக் குழு அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

கென்யாவின் மாசாய் மாராவுக்கும் தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் தமிழ்நாட்டிலிருந்து புகைப்படக் குழுக்களை அழைத்துச் செல்லும் பயண அமைப்பாளர்களுக்கும் குழுத் தலைவர்களுக்கும்,

வணக்கம். வரும் ஆகஸ்டுக்கான உங்கள் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே படம்தான்: புழுதி பறக்கும் கரையிலிருந்து ஆற்றுக்குள் பாயும், வில்டபீஸ்ட் என்னும் ஆப்பிரிக்க மேய்ச்சல் விலங்குகளின் கூட்டம், கீழே வாய் பிளந்து காத்திருக்கும் முதலை. 'ஆற்றைக் கடக்கும் காட்சி உறுதி' என்றும் சிலர் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த 'உறுதி' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு குழுவில் நானும் சென்றேன். மாரா ஆற்றின் ஒரு துறையில் காலை பத்து மணி முதல் மந்தை சேர்ந்துகொண்டிருந்தது. முன்னால் நின்ற விலங்கு சரிவில் இறங்கி, நீரை முகர்ந்து, பின்வாங்கும். சற்று நேரத்தில் வேறொன்று இறங்கும். எதிர்க்கரையில், அவை ஏறி வர வேண்டிய பாதையின் வாயிலேயே நாற்பது வண்டிகளுக்குக் குறையாமல் நின்றன. எங்கள் ஓட்டுநர் தள்ளி நிற்கத்தான் விரும்பினார். முன்னே போனால் கூடுதலாகப் பணம் தருகிறோம் என்று அவரிடம் சொன்னவர்களில் நானும் ஒருவன். வண்டிகள் நகர்ந்தபோது மந்தையில் ஒரு பகுதி ஆற்றுக்குள் இறங்கிவிட்டது; மற்றவை மிரண்டு திரும்பி ஓடின. இறங்கியவை வழக்கமான பாதையை விட்டு, செங்குத்தான மண்கரையில் முட்டி மோதி ஏறின. அரை மணி நேரம் கழித்து, எங்கள் பக்கக் கரையில் ஒரு கன்று நனைந்த உடலோடு மேலும் கீழும் ஓடிக் கத்திக்கொண்டிருந்தது. அன்று நான் எடுத்த படங்கள் நன்றாகவே வந்தன. அவற்றை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

ஆற்றில் விலங்குகள் சாவதைக் குறித்து நான் முறையிடவில்லை. மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,000க்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் மூழ்கி இறக்கின்றன என்று 2017இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அந்தச் சடலங்களை முதலைகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் மாராபூ நாரைகளும் மீன்களும் உண்கின்றன. எலும்புகள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கரைந்து ஆற்றுக்குப் பாஸ்பரஸ் தருகின்றன. அது ஆற்றின் கணக்கு. வண்டிகள் மறிப்பதால் தடம் மாறிச் செங்குத்துக் கரையில் நெரிபடுவது அந்தக் கணக்கில் சேராது. 2025இல் தான்சானியப் பக்கத்துக் கரையொன்றில் பயணிகள் வண்டியைவிட்டு இறங்கி நின்று மந்தையின் வழியை மறித்த காட்சி உலகெங்கும் பரவியது. நாம் போகும் கரைகளிலும் நடப்பதுதான் அது என்பது உங்களுக்கும் தெரியும்.

இந்த விலங்கைப் பற்றி உங்கள் கையேடுகள் சொல்வது மிகக் குறைவு. பெயரில் 'பீஸ்ட்' இருப்பதால் பலர் இதை எருமையினம் என்றே நினைக்கிறார்கள். இது இரலை, நம் கோடியக்கரை வெளிமானைப் போலக் கொம்பை உதிர்க்காத வகை. அகன்ற வாயால் குட்டைப் புல்லைத் தரையோடு ஒட்டக் கடித்து மேயும். வரிக்குதிரைகள் உயர்ந்த தண்டுகளைத் தின்று முடித்த இடத்தில் இது நுழையும். இது மேய்ந்து போன பிறகு துளிர்ப்பதைச் சிறிய தாம்சன் இரலைகள் மேயும். அடிக்கடி தண்ணீர் குடித்தே ஆக வேண்டிய உடம்பு என்பதால்தான் இத்தனை நடை. செரெங்கெட்டியின் தெற்குச் சமவெளி எரிமலைச் சாம்பல் படிந்த மண். அங்கு விளையும் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் மிகுதி. பாலூட்டும் தாய்க்கு அதைவிடச் சிறந்த மேய்ச்சல் இல்லை. ஆனால் மழை நின்றால் அங்கே நீரும் நின்றுவிடும். ஆகவே மே, ஜூனில் வடமேற்காக நகர்ந்து, நடைக்கு நடுவிலேயே இணைசேர்ந்து, ஜூலை முதல் அக்டோபர் வரை வற்றாத மாரா ஆற்றை நம்பி வடக்கே தங்கி, நவம்பர் மழைக்குத் தெற்கே திரும்புகின்றன. பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலான தாய்கள் கன்று ஈன்றுவிடுகின்றன. ஒரே நேரத்தில் இத்தனை கன்றுகள் பிறந்தால் சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனையைத்தான் தின்ன முடியும்? கன்று சில நிமிடங்களில் எழுந்து நின்று, தாயோடு ஓடத் தொடங்குகிறது.

1960களின் தொடக்கத்தில் இங்கே சுமார் இரண்டரை லட்சம் வில்டபீஸ்ட்டுகளே இருந்தன. சுற்றுப்புறத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, அவற்றிடமிருந்து இவற்றுக்கும் தொற்றிய வெக்கை நோயை ஒழித்த பிறகு, 1970களின் இறுதிக்குள் அந்த எண்ணிக்கை 13 லட்சத்தை எட்டியது. காட்டு விலங்கைக் காப்பாற்றியது மாட்டுக்குப் போட்ட ஊசி. இதே ஆண்டுகளில் மாராவுக்கு வடகிழக்கே லோய்ட்டா சமவெளிக்கும் மாராவுக்கும் இடையே இடம்பெயரும் தனி மந்தை ஒன்று இருந்தது. 1977இல் ஒரு லட்சத்துக்கும் மேலிருந்த அது, 2009க்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அது கன்று ஈனும் நிலம் கோதுமை வயலாயிற்று. பொது மேய்ச்சல் நிலம் தனித்தனிப் பட்டாவாகப் பிரிந்து வேலி எழுந்தது. உங்கள் விளம்பரங்களில் லோய்ட்டாவின் பெயரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வேலி போட்டவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. வில்டபீஸ்ட் கன்றுகளிடமிருந்து மாடுகளுக்குப் பரவி அவற்றைக் கொல்லும் ஒரு வைரஸ் காய்ச்சல் உண்டு. அதற்கு அஞ்சியே மாசாய் மேய்ப்பர்கள் ஈற்றுக்காலத்தில் நல்ல புல்லை விட்டுக்கொடுத்துத் தம் மந்தைகளை ஒதுக்கிக்கொண்டு போகிறார்கள். இந்த விலங்குக்காக அவர்கள் தலைமுறைகளாகக் கொடுத்துவரும் விலை அது. மாசாய் மாரா காப்பகத்தை ஒட்டிய சமூகப் பாதுகாப்பு நிலங்களில் இன்று மாசாய்க் குடும்பங்கள் தங்கள் பட்டா நிலத்தை வேலியின்றி விட்டு, அதற்கு வாடகை பெறுகின்றன. அங்கே தங்கும் அறைகளுக்கும் வண்டிகளுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. கட்டணம் கூடுதல்தான், உங்கள் குழுவினர் முணுமுணுப்பார்கள். அந்தப் பணம்தான் வேலி எழாமல் தடுக்கிறது என்பதைப் பயணத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே அவர்களிடம் சொல்லுங்கள். பாதி இரவுகளையாவது அங்கே தங்குமாறு திட்டமிடுங்கள்.

ஓட்டுநருக்கான அன்பளிப்பை முதல் நாளே ஒரே தொகையாக முடிவுசெய்து, எவ்வளவு நெருங்கினார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவர் காதுபடச் சொல்லிவிடுங்கள். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் கூடாது என்னும் விதி மாராவில் உண்டு. ஆற்றங்கரையில் அதைக் கேட்பார் இல்லையென்றால், ஆறாவது வண்டியாக நிற்க மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விலங்குகள் இறங்கும் பாதையையும் ஏறும் பாதையையும் விட்டு விலகி நில்லுங்கள். முதல் விலங்கு நீரில் இறங்கும் வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம். கடக்காமல் போனால் போகட்டும். வேறொரு நாள் நான் காத்திருந்த துறையில் மந்தை நான்கு மணி நேரம் நின்றுவிட்டு, மாலையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து மேட்டு நிலத்துக்கே திரும்பிப் போயிற்று.

அடுத்த பிப்ரவரியில் செரெங்கெட்டியின் தெற்கே உள்ள ந்டுட்டு சமவெளிக்கு, ஈற்றுக்காலம் பார்க்க, உங்களில் யாரேனும் குழு சேர்த்தால் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணிகளில் ஒருவன்