ஆபரேட்டர் ரூமிலிருந்து பந்திக்கு வந்தவர்களுக்கு

அன்புள்ள ஆபரேட்டர் ஐயாமார்களுக்கும், அன்று அடுப்படியிலும் பந்தியிலும் நின்ற எல்லாருக்கும்,

வணக்கம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் டூரிங் டாக்கீஸ் தொடங்கி ஏசி தியேட்டர் வரை படம் ஓட்டிய ஒன்பது பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, சாயங்காலம்வரை பேசிவிட்டுப் போனீர்கள். நீங்கள் சொன்னதை எழுதி முடித்த கையோடு இந்த மடலை எழுதுகிறோம். பெயர் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எந்த நன்றி யாருக்கு என்று படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

படம் ஒழுங்காக ஓடும்வரை ஆபரேட்டரை யாரும் நினைப்பதில்லை. திரை இருண்டால்தான் "ஆபரேட்டர்!" என்ற கூச்சலும் விசிலும். நடித்தவருக்கும் இயக்கியவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. அந்த வெளிச்சத்தைக் கையில் பிடித்து வைத்திருந்தவர்களுக்கு இல்லை. 2005-ஐ ஒட்டி டிஜிட்டல் வந்து, அடுத்த பத்து வருடத்தில் ஃபிலிம் பெட்டி வருவது அநேகமாக நின்றே போனது. உங்கள் கை படித்த பாடம் உங்களோடு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அன்று இலை போட்டோம்.

படத்தைத் திரையில் விழவைக்கும் கார்பன் விளக்கைப் பற்றிச் சொன்ன ஐயாவுக்கு முதல் நன்றி. ரசம் சாதத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இரண்டு முருங்கைக்காய்த் துண்டுகளை இலையில் எதிரெதிராக வைத்துக் காட்டினீர்களே, அதற்குப் பிறகு யாருக்கும் படம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏசி கரண்ட்டை மாற்றி ரெக்டிஃபையர் தரும் டிசி கரண்ட்டில் இரண்டு கார்பன் குச்சிகளையும் ஒரு நொடி முட்டவிட்டு இழுத்தால் நடுவில் பொறி நின்று எரியும். பாசிட்டிவ் குச்சி பருமன். அதுதான் சீக்கிரம் கரையும். இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அகன்றால் வெளிச்சம் நீலம் பாய்ந்து, பிறகு அணைந்தே போகும். நெருங்கினால் குச்சி சீறும். நெகட்டிவ் முனையில் காளான் மாதிரி முளைத்துவிடும். நேராகப் பார்த்தால் கண் போய்விடும். அதனால் பொறியின் நிழலை விளக்குப் பெட்டிக்கு வெளியே ஒரு அட்டையில் விழவைத்து, அதில் இரண்டு கோடு போட்டு, முனைகள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. திரையின் ஓரம் பழுப்படித்தால் வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடிக்கும் குச்சிக்கும் உள்ள தூரம் தவறிவிட்டது என்று அர்த்தம். ஒரு ரீலின் நடுவில் குச்சி தீரக் கூடாது என்பதால் ரீல் ஏற்றும்போதே விரலால் அளந்துவிடுவது. சூடான கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தால் விரிசல் விட்டுவிடும் என்பதும், குச்சி மேல் பூசிய செம்பு தெறித்துத்தான் கண்ணாடியில் புள்ளி விழுகிறது என்பதும் எங்களுக்குப் புதிது.

சேஞ்ச் ஓவர், அதாவது ஒரு புரொஜெக்டர் மெஷினில் ரீல் முடியும்போது இன்னொன்றுக்கு மாறுவது பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னீர்கள். மூன்றையும் அப்படியே எழுதியிருக்கிறோம். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடி ரீல் 11 நிமிடம். இரண்டு ரீலை ஒட்டி ஒரே ஸ்பூலாகச் சுற்றினால் 22 நிமிடம். 14,000 அடிப் படத்துக்கு ஏழு ஸ்பூல். நடுவே வரும் ஆறு மாற்றத்தில் இடைவேளையைக் கழித்தால் காட்சிக்கு ஐந்து முறை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். நாலு காட்சிக்கு இருபது முறை. திரையின் வலது மேல் மூலையில் முதல் புள்ளி தெரிந்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சுமார் 7 விநாடி கழித்து இரண்டாவது புள்ளி வந்ததும் இங்கே மூடி அங்கே திறக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் நாலு ஃபிரேம் (ஃபிலிமில் உள்ள தனித்தனிப் படம்), அதாவது ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்குதான் தெரியும். கண் இமைத்தால் போச்சு. மோட்டார் வேகம் பிடிக்க மெஷினுக்கு மெஷின் நேரம் மாறும். அதற்கேற்றபடி ரீலின் தொடக்கத்தில் எண்கள் வரும் லீடரில் எந்த எண்ணை, ஃபிலிமில் வெளிச்சம் படும் இடமான கேட்டில் நிறுத்துவது என்று அவரவர் மெஷினுக்கு அவரவர் கணக்கு.

பழைய பிரிண்ட்டில் ரீலின் கடைசி அடிகள் அறுந்து அறுந்து புள்ளியே காணாமல் போயிருக்கும். ஊருக்கு ஊர் ஊசியால் புதுப் புள்ளி கீறி, கடைசியில் ஒரே ரீலில் நாலைந்து புள்ளி தெரியும். அப்போது புள்ளியை நம்பாமல் வசனத்தை நம்பிய விதத்தைச் சொன்ன அண்ணனுக்குத் தனியாக நன்றி. முதல் நாள் முதல் காட்சியிலேயே ஒவ்வொரு ஸ்பூலின் கடைசி வசனத்தையும் சிகரெட் அட்டையில் எழுதி மெஷின் மேல் ஒட்டிவிடுவது என்றீர்கள். அப்படி ஒரு அட்டையை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தும் கொடுத்தீர்கள். பென்சில் எழுத்து, எண்ணெய்க் கறை, ஓரத்தில் பொசுங்கிய அடையாளம். அதைக் கண்ணாடிக் காகித உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறோம்.

லூப் என்னும் ஃபிலிம் வளைவைப் பற்றிச் சொன்னவருக்கு நன்றி. பல்சக்கரம் ஃபிலிமை ஒரே சீராக இழுக்கிறது. கேட்டிலோ ஃபிலிம் விநாடிக்கு 24 முறை நின்று நின்று இறங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே வளைவு தளர்வாக இல்லாவிட்டால் ஃபிலிம் ஓரத்துத் துளைகள் கிழியும், படம் குதிக்கும். ஒலியைப் படிக்கும் இடம் கேட்டுக்குக் கீழே 20 ஃபிரேம் தள்ளி இருக்கிறது. கீழ் லூப் பெரிதானாலும் சிறிதானாலும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். டைட்டிலின் வெள்ளை எழுத்துக்கு மேலோ கீழோ வால் முளைத்தால், ஃபிலிம் நகரும்போது வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டரின் நேரம் தப்பியிருக்கிறது என்று நீங்கள் சொன்னதை, இயந்திரம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

ஃபிலிம் அறுந்தால் ஒட்டும் முறையையும் விடவில்லை நீங்கள். படம் பதிந்த மருந்துப் பக்கத்தைப் பிளேடால் சுரண்டி, ஃபிலிம் சிமெண்ட் என்னும் பசையைத் தடவி, பத்து எண்ணும்வரை அழுத்துவது. ஒரு ஃபிரேமுக்கு நாலு துளை. எண்ணாமல் ஒட்டினால் அந்த இடத்தில் ஃபிரேம் விழும், நடிகரின் தலை கீழேயும் கால் மேலேயும் தெரியும். பின்னால் வந்த பாலியஸ்டர் ஃபிலிமில் சிமெண்ட் பிடிக்காது, டேப்தான். ஃபிலிம் கேட்டில் சிக்கினால் முதலில் வெளிச்சத்தை மறை, பிறகு மோட்டாரை நிறுத்து. வரிசை மாறினால் நின்ற ஃபிரேம் திரையிலேயே பழுப்பாகிக் கொப்பளித்துப் பொத்தல் விழும். இதைச் சொல்லும்போது ஒன்பது பேரின் வலது கையும் ஒரே நேரத்தில் இலையை விட்டு மேலே எழுந்ததைப் பரிமாறியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு நன்றி. சமைத்த அக்காவுக்கு: இருபது பேருக்குப் பொன்னி அரிசி மூன்று கிலோ, துவரம்பருப்பு 700 கிராம் என்று நீங்கள் போட்ட கணக்கில் மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. பீன்ஸைக் குழைய வேகவிட்டது, பாயசத்தில் வெல்லத்தைத் தனியாகக் காய்ச்சி வைத்துக் கேட்டவர்களுக்கு மட்டும் ஊற்றியது, மாத்திரை நேரத்துக்காகப் பன்னிரண்டரைக்கே இலை போட்டது, இவையெல்லாம் யாரும் சொல்லாமல் நீங்களாகச் செய்தவை. பெரியவர்கள் நாலு மணிவரை தெம்பாகப் பேசியதற்கு உங்கள் சாப்பாடும் காரணம்.

ஆபரேட்டர்கள் வேகமாகச் சாப்பிடுவார்கள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. சாம்பாரும் ரசமும் மோரும் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்தன. கார்பன் எரியும்போது மெஷினை விட்டு நகர முடியாது. தூக்குச்சட்டியை, ரீலைத் திருப்பிச் சுற்றும் ரீவைண்டர் மேசையில் வைத்து, ஒரு காதை மெஷின் சத்தத்தில் விட்டு, நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்ட கைகள் அவை. சத்தம் மாறினால் சோற்றுக்கை சோற்றில் இருக்க, இடது கை லூப்புக்குப் போகும். அதைப் புரிந்துகொண்டு இரண்டாம் முறை சோறு வைக்காமல், மோரை மட்டும் திரும்பத் திரும்ப ஊற்றிப் பந்தியை நீட்டித்த தம்பிகளுக்கு நன்றி. நல்ல பேச்சில் பாதி அந்த மோர் நேரத்தில்தான் வந்தது.

இதேபோல் வேறு தொழில்காரர்களை உட்காரவைக்க நினைப்பவர்களுக்கு, அன்று ஒலிப்பதிவு செய்த தங்கை குறித்துவைத்தவற்றைச் சொல்லிவிடுகிறோம். மின்விசிறிக்கு நேர் கீழே ரெக்கார்டர் வைத்தால் பேச்சு காற்றில் அடித்துப்போகும். மேசை மேல் வைத்தால் கரண்டி வைக்கும் சத்தம் இடியாக விழும். மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு முழம் தள்ளி வைத்தால் சரியாக இருக்கும். தட்டைவிட வாழை இலை நல்லது, சத்தமே இல்லை. "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லாரும் "என்னத்தச் சொல்ல" என்பார்கள். "கார்பன் அணைஞ்சா முதல்ல எந்தக் கை போகும்?" என்று கேட்டால் அரை மணி நேரம் நிற்காமல் வரும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் குறுக்கே போகக் கூடாது. சரியான அளவுகள் அந்த வாக்குவாதத்தில்தான் வெளியே வருகின்றன.

புரொஜெக்டர் மெஷினைக் கொடுத்துதவிய தியேட்டர் குடும்பத்துக்கும் கடன்பட்டிருக்கிறோம். பல வருடம் மூடிக் கிடந்தும் துரு ஏறாமல், எண்ணெய் உறையாமல் வைத்திருந்தீர்கள். அதை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கிய லோடுமேன் அண்ணன்கள் நாலு பேரும் கூலியைத் தவிர ஒரு டீகூட வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

நீங்கள் பேசியதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, வரிக்கு வரி இடம் விட்டு, ஒன்பது பிரதி தைத்திருக்கிறோம். அடுத்த வாரம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். கூடவே ஒரு சிவப்புப் பென்சிலும் இருக்கும். அளவு தவறியிருந்தாலும், வார்த்தை மாறியிருந்தாலும் தயங்காமல் அடித்துத் திருத்துங்கள். ஃபிலிம் ஒட்டும் ஸ்ப்ளைசரை மறந்து வைத்துவிட்டுப் போன ஐயாவுக்கு அதையும் துடைத்து எடுத்து வருகிறோம்.

நன்றியுடன்,
அன்று பந்தி வைத்தவர்கள்
மதுரை