ஏழாம் தேதியை விட்டுவிடாதீர்கள்

பெரிய அண்ணனுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

இப்போது நீங்கள் நடத்துகிற காண்ட்ராக்ட் தொழிலை முன்னால் நடத்திய ஐயா போய், வருகிற ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு எங்கள் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வருவோம். ஆனால் நான் சொல்ல வந்தது இலை போட்ட இடத்தில் பேசக்கூடிய விஷயம் இல்லை. அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். கூட வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லாருக்கும் தெரியவே எழுதுகிறேன்.

நான் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தது 2012-ல். முதல் இரண்டு வருஷம் வேறொரு காண்ட்ராக்டரிடம் இருந்தேன். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ என்று மாசாமாசம் நூற்றுக்கு 1.75 ரூபாய் பிடித்தார்கள். 2014-ல் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது பேறுகாலப் பணம் கேட்டு இஎஸ்ஐ ஆபீசில் போய் நின்றேன். என் பெயரில் ஒரு நாளுக்குக்கூடப் பணம் கட்டவில்லை என்றார்கள். நிறைமாச வயிற்றோடு ராயக்கோட்டை வழியாக பஸ்ஸில் ஊர் திரும்பினேன். பிரசவச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு அவள் நடக்கிற வரைக்கும் வட்டி கட்டினோம்.

அடுத்த வருஷம் ஐயாவிடம் சேர்ந்தேன். முதல் சம்பளத்தன்று அவர் மேசைக்கு முன்னால் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. பணம் பேங்கில் ஏறிவிடும். ஆனாலும் சிலிப்பைக் கையில்தான் கொடுப்பார். கொடுத்துவிட்டு, “பிடித்தம் எவ்வளவு, சத்தமாப் படிம்மா” என்றார். சேமநல நிதியான பிஎஃப் நூற்றுக்கு 12 ரூபாய், அதே அளவு தன் பங்கு, அது பதினைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தேன்கனிக்கோட்டை மலைக் கிராமத்திலிருந்து வந்த பெண்களில் சிலருக்குப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு பால்பாயிண்ட் பேனா முனையை அந்த எண்ணின் மேல் வைத்து, “இது உன் பணம்” என்பார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்குகிற கம்பெனியே தந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் எழுதித் தன் ஆபீஸ் சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தார். எந்த காண்ட்ராக்டர் அப்படிச் செய்வார்?

2018-ல் சின்னவன் பிறந்தான். பேறுகாலப் பணம் கிடைக்க, பிரசவத்துக்கு முந்தைய கணக்கில் 70 நாளுக்கு இஎஸ்ஐ கட்டியிருக்க வேண்டும். ஐயா எனக்கு ஒரு நாள் விடாமல் கட்டியிருந்தார். 26 வாரச் சம்பளம் முழுசாக வந்தது. யாரிடமும் கை நீட்டாமல் அம்மா வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஊர், ஒரே மாதிரி வேலை, ஒரே பிடித்தம். மூத்தவளுக்கு நடந்ததற்கும் சின்னவனுக்கு நடந்ததற்கும் நடுவில் இருந்தது ஐயா ஒருவர்தான்.

2020 மார்ச் 25-ல் எல்லாம் அடைத்தார்களே, அப்போது கம்பெனியில் பில் பாஸ் ஆகவில்லை. ஏப்ரல் 7-ஆம் தேதி மார்ச் சம்பளம் ஏறியது. சந்தூர்ப் பக்கத்து மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டு, அந்த முன்பணத்தில் போட்டார் என்று ரொம்ப நாள் கழித்து நீங்கள்தான் சொன்னீர்கள், அக்கா. அன்றைக்கு உங்கள் குரல் உடைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கம்பெனி அறுபது நாள் கழித்துப் பணம் தருகிறது. பில்லுக்குக் காசு வந்தாலும் வராவிட்டாலும் 18 சதவீத ஜிஎஸ்டியைக் கட்டியாக வேண்டும். பக்கத்திலேயே ஒருவர் கமிஷனைக் குறைத்துக் கொட்டேஷன் கொடுக்கிறார். அவர்கள் எங்கே குறைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அண்ணா. 2014-ல் என் சம்பளத்தில்தான் குறைத்தார்கள்.

இப்போது இரண்டு மாசமாகச் சம்பளம் 12-ஆம் தேதி, 14-ஆம் தேதி என்று வருகிறது. ஏழாம் தேதிக்குள் சம்பளம் என்பது ஐயா கண்டுபிடித்த வழக்கம் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டு வாடகையும் குழுக் கடனும் பத்தாம் தேதியைத் தாண்டாது. சிலிப்பும் நின்றுபோய்விட்டது. ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஆப்பில் கைக்கு வருகிற தொகை மட்டும்தான் தெரிகிறது. எவ்வளவு பிடித்தார்கள், ஓவர்டைம் எத்தனை மணி நேரம் என்று எதுவும் இல்லை. நீங்கள் தப்பு செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காட்டாத கணக்கில் ஒருமுறை ஏமாந்தவள் நான். திரும்ப அந்த பயத்தோடு வேலைக்கு வர முடியவில்லை.

புது ஆபீசில் ஐயாவின் படத்தைப் பெரிதாக மாட்டப் போகிறீர்களாம். மாட்டுங்கள், சந்தோஷம். பழைய மேசையைக் காயலான் கடைக்குப் போடாமல் அந்தப் படத்துக்குக் கீழே போடுங்கள். மாசம் ஒரு நாள் அண்ணனோ அக்காவோ அதில் உட்கார வேண்டும்.

வருகிற ஏழாம் தேதி காலை ஷிப்ட் முடிந்ததும் எங்கள் லைன் பெண்கள் எல்லாரும் ஆபீசுக்கு வருகிறோம். சிலிப்பை அச்சடித்து வையுங்கள். நாங்களே சத்தமாகப் படிக்கிறோம்.

இப்படிக்கு,
ஐயாவிடம் பத்து வருஷம் வேலை பார்த்தவள்