செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலையிடத்தில் ஆண் பெண் சமத்துவத்தைக் கல்வி வழியாக வளர்ப்பதற்காகத்தான் இந்தச் சங்கம் இருக்கிறது. தன்னம்பிக்கை, பேச்சுத்திறன் என்று பெண்களுக்கு மட்டும் நடந்துவந்த வகுப்புகளை இந்த ஆண்டு குறைத்துக்கொண்டு, ஆளெடுப்பவர்களையும் சம்பளம் நிர்ணயிப்பவர்களையும் வகுப்புக்கு அழைத்தோம். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவரை வெளியே விட்டுவிட்டு, வாங்குகிறவருக்கு மட்டும் பாடம் எடுத்து என்ன ஆகப்போகிறது?

அதிக நேரம் பிடித்தது ஊதியப் பாடம்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கை 1951லேயே வந்துவிட்டது. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்பதோடு அது நிற்கவில்லை; சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் கேட்கிறது. அப்படியானால் மதிப்பை எப்படி அளப்பது? திறன், உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் என்ற நான்கையும் வைத்து, கிடங்குத் தொழிலாளிக்கும் செவிலிய உதவியாளருக்கும் மதிப்பெண் போடச் சொன்னோம். மூட்டை தூக்குவதற்குத் தாராளமாகப் போட்டவர்கள், படுத்த படுக்கையான நோயாளியைத் தூக்கிப் புரட்டுவதற்குப் போடவில்லை. “அது சேவைதானே” என்றார் ஒருவர். அப்புறம் அறையில் நல்ல சண்டை. இந்த ஆண்டின் உருப்படியான கூட்டம் அதுதான் என்பது என் கருத்து.

25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் சம ஊதியம் தருவதைத் தாங்களே நிரூபித்துச் சான்று பெற வேண்டும் என்று ஐஸ்லாந்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தையும் விளக்கினோம். 2023இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினின் ஆய்வும் வகுப்பில் பேசப்பட்டது. ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வருமான இடைவெளி, பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்ததும் விரிகிறது என்று காட்டியவர் அவர். நேர்முகத் தேர்வில் “குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று பெண்ணிடம் மட்டும் கேட்கும் பழக்கத்தை இதோடு சேர்த்தே விவாதித்தோம். ஆண்களிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கச் சொன்னபோது, கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்றார்கள்.

வேலையிட வன்முறை, துன்புறுத்தல் பற்றிய 190ஆம் உடன்படிக்கைக்கும் (2019) ஒரு வகுப்பு ஒதுக்கினோம். பயிற்சியில் இருப்பவர், வேலை தேடுபவர் எல்லோருக்கும் அது பொருந்தும் என்பது பலருக்குப் புதிய செய்தி.

மாலை வகுப்புகளைப் பணி நேரத்துக்கு மாற்றியதும், வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களும் வரத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துச் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்ட நிறுவனங்களுக்கு மறுத்துவிட்டோம். இதனால் வரவு குறைந்தது. விவரத்தைப் பொருளாளர் படிப்பார்.

வரும் ஆண்டில் தந்தையர் விடுப்பு பற்றிய பாடத்தைச் சேர்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரையோடு இவ்வறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்