கழற்றிய சாமானை எறியாதீர்கள்

யாழ்ப்பாணத்துக் கராச் முதலாளிமாருக்கும் பாஸ்மாருக்கும் வணக்கம்.

ஒரேயொரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். ஒரு காரில் புதிதாக எதைப் பூட்டினாலும், கழற்றிய பழைய சாமானை இரும்புக்காரரிடம் போடாமல் பையில் கட்டிச் சொந்தக்காரர் கையில் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் டிக்கிக்குள் வைத்து அனுப்புங்கள்.

என்னிடம் ஒரு ரொயோட்டா ஏஈ86 ட்ரூனோ இருக்கிறது. 1983 முதல் 1987 வரை செய்த கார். முன்விளக்கு எழும்பும், பின்சில்லு தள்ளும், நிறை ஒரு தொன்னுக்கும் குறைவு. பலர் கைமாறித்தான் என்னிடம் வந்தது. வந்தபோது சிவப்பாக இருந்தது. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைப் பதித்திருந்தார்கள். எயார் கிளீனர் பெட்டி இருந்த இடத்தில் ஒரு கூம்பு பில்ரர். மூன்று வருடமாக அதை ஜப்பானில் இருந்து வெளிவந்த கோலத்துக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

எஞ்சினுக்குப் பின்னால், தடுப்புத் தகட்டில் ரிவெட் அடித்த ஒரு சின்னத் தகடு இருக்கும். அதன் மேலும் பெயின்ற் அடித்திருந்தார்கள். தின்னர் நனைத்த துணியால் மெல்லத் தேய்த்தேன். முதலில் சிவப்பு, பிறகு சாம்பல் வந்தது. அதற்குப் பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன: மொடல், சேசி இலக்கம், நிறக் குறியீடு, கியர்பெட்டி, அச்சு. இந்தக் கார் என்ன காராகப் பிறந்தது என்பது அந்த உள்ளங்கையளவு தகட்டில் இருக்கிறது. ஸ்பெயார் சில்லுக் குழிக்குள் சுரண்டிப் பார்த்தேன், அடியில் வெள்ளை. அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் எஞ்சினில் ஒரு சாமான் போய்விட்டது. 4ஏ-ஜீஈ என்ற அந்த 1,587 சிசி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றுப் போக இரண்டு வழி. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மெனிபோல்ட்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே ஒரு தட்டு, அதில் நாலு வால்வு. சுற்றுக் குறைவாக இருக்கும்போது ஒரு வழியை மூடிக் காற்றை வேகமாக உள்ளே விடும், நிமிஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் சுற்றில் திறந்துவிடும். முன்பு ஒரு கராச்சில் அது காற்றை மறிக்கிறது என்று சொல்லிக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இப்போது சந்தியில் இரண்டாம் கியரில் திரும்பினால் கார் சோர்ந்துபோய் நிற்கிறது. கொழும்பில் ஸ்பெயார்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை.

ரொயோட்டாவே 2021இல் இந்தக் காரின் பின் பிரேக் கலிப்பர் போன்ற சிலவற்றைத் திரும்பச் செய்து விற்பதாக அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் எல்லாச் சாமானும் அப்படி வராது. காரே இனி வராது. 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி 2025இல் திறந்ததும் உண்மைதான், ஆனால் வயது வரம்பு இருக்கும்வரை நாற்பது வருடக் கார் துறைமுகம் தாண்டாது. இங்கே இருப்பவைதான் இருக்கப்போகின்றன.

உங்கள் வேலையில் நான் குறை சொல்ல வரவில்லை. மொடிபை பண்ணக் கேட்பது எங்களைப் போன்ற சொந்தக்காரர்தான். தொண்ணூறுகளில் பெற்றோலும் ஸ்பெயார்சும் வராத காலத்தில், காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, ஒஸ்ரின் கேம்பிறிச்சையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்ட வைத்தவர்கள் உங்களுக்குத் தொழில் பழக்கியவர்கள். அந்தக் கராச்சுகளில் ஒரு வொஷரைக்கூட எறிந்ததில்லை. நான் சின்னப் பிள்ளையாக நின்று பார்த்திருக்கிறேன், கழற்றிய நட்டெல்லாம் பால்மா ரின்னுக்குள் போகும்.

அந்த ரின்னைத்தான் திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

அப்புறம், உங்கள் கராச்சின் பின்பக்க அலுமாரியிலோ வேலியோரத்திலோ நாலு வால்வுள்ள அந்தத் தட்டு கிடந்தால் ஒரு சொல் சொல்லியனுப்புங்கள். வால்வு இறுகிப்போயிருந்தாலும் பரவாயில்லை, நானே வந்து எடுக்கிறேன்.

இப்படிக்கு,
ட்ரூனோ வைத்திருக்கும் ஒருவன்,
கொக்குவில்.